தேயிலை விலை குறைந்த பிறகும் கலகம் ஏன்? அமெரிக்கக் குடியேறிகள் பிரிட்டனை உதறிய கதை

அமெரிக்கச் சுதந்திரப் போர் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்த கதை நாலு வரிதான். இங்கிலாந்து தேயிலைக்கு அநியாய வரி போட்டது. பாஸ்டனில் சிலர் கப்பலில் ஏறித் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். அப்புறம் ஜார்ஜ் வாஷிங்டன் சண்டை போட்டார். நாடு விடுதலை ஆனது. போட்டித் தேர்வு நோட்டுகளில் இப்படித்தான் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் சுற்றும் வரலாற்றுத் துணுக்குகளிலும் இப்படித்தான்.

இந்தக் கதையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தேயிலையைக் கடலில் கொட்டிய 1773-ஆம் ஆண்டில், புதிய சட்டத்தின் காரணமாக அமெரிக்காவில் தேயிலை விலை குறையவிருந்தது. வரிச்சுமையைப் பார்த்தாலும் அந்தக் குடியேறிகள் அன்றைய உலகில் மிகக் குறைவாக வரி கட்டியவர்களில் சேர்த்தி. பிரிட்டனில் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 25 ஷில்லிங் கட்டும்போது, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஒருவர் கட்டுவது 6 பென்ஸ்தான் என்பது அன்றைய பிரதமர் நார்த் பிரபு சொன்ன கணக்கு. 12 பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங். அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. அரசியல்வாதி சொன்ன கணக்கு என்று கொஞ்சம் தள்ளுபடி கொடுத்தாலும், வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்தான்.

அப்படியானால் எதற்காகத் தகராறு?

முதலில், யார் இந்தக் குடியேறிகள்?

காலனி என்றதும் நமக்கு இந்தியாதான் ஞாபகம் வரும். வெளியிலிருந்து வந்த சிலர், இங்கே ஏற்கெனவே வாழ்ந்த கோடிக்கணக்கானவர்களை ஆண்டார்கள். அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே பிரிட்டனிலிருந்தே மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் குடியேறினார்கள். பூர்வகுடிகளை விரட்டி அவர்களின் நிலத்தில் ஊர் அமைத்தார்கள். இப்படி, போன இடத்திலேயே நிரந்தரமாகத் தங்கிவிடும் மக்களைக் கொண்டு உருவாகும் ஆட்சிப் பகுதிக்குக் குடியேற்றக் காலனி என்று பெயர். இப்படி உருவான காலனிகளில் 13, 1770-களில் ஒன்றுசேர்ந்தன. மொத்தம் சுமார் 25 லட்சம் பேர். அவர்களில் ஐந்தில் ஒருவர் ஆப்பிரிக்காவிலிருந்து இழுத்துவரப்பட்ட அடிமை, அல்லது அப்படி வந்தவர்களின் வாரிசு.

ஆகவே கலகம் செய்தவர்களில் பெரும்பாலானோர் தங்களை பிரிட்டிஷ்காரர்கள் என்றே நினைத்தவர்கள். அன்னியன் ஆளுகிறான் என்ற கோபம் அவர்களிடம் இல்லை. "நாங்களும் உங்களைப் போன்ற பிரிட்டிஷ்காரர்கள்தானே, எங்களை மட்டும் ஏன் தாழ்த்துகிறீர்கள்?" என்பதே அவர்களின் முதல் கேள்வி. இதைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை தானாகப் புரியும்.

இன்னொன்று. ஒவ்வொரு காலனிக்கும் சொந்தச் சட்டசபை இருந்தது. வர்ஜீனியாவில் 1619-இலேயே கூடியாயிற்று. சொத்துள்ள வெள்ளை ஆண்கள் மட்டுமே வாக்களித்தார்கள் என்றாலும், நிலம் சுலபமாகக் கிடைத்த நாடு என்பதால், பிரிட்டனைவிட அங்கே வாக்குரிமை பெற்ற ஆண்களின் விகிதம் அதிகம். உள்ளூர் வரியை அந்தச் சட்டசபைதான் தீர்மானித்தது. பெரும்பாலான காலனிகளில் கவர்னரை ராஜா நியமித்தார், ஆனால் அவருக்குச் சம்பளம் ஒதுக்கியது சட்டசபை. லண்டன் கடல் வணிகத்துக்கு விதிகள் போட்டது. அவற்றையும் கண்டிப்பாக நடத்தவில்லை. கடத்தல் சகஜமாக நடந்தது. மூன்று நான்கு தலைமுறை இப்படியே ஓடிவிட்டது.

ஒரு தலைக்கட்டு வரிக் கதை

ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவது நமக்குத் தெரியும். ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பேசி, ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று முடிவு செய்வார்கள். அந்த ஊரிலிருந்து சில குடும்பங்கள் நூறு வருடத்துக்கு முன்னால் ஆற்றுக்கு அக்கரையில் போய்க் குடியேறியதாக வைத்துக்கொள்வோம். அக்கரையில் அவர்கள் தனிக் கோயில் கட்டிக்கொண்டார்கள், தனிக் கூட்டம் போட்டுத் தனியாக வரி பிரித்துக்கொண்டார்கள். பூசாரிக்கும் காவல்காரருக்கும் அவர்களே சம்பளம் கொடுத்தார்கள். தாய் ஊர்மேல் பாசம் உண்டு, முதல் மரியாதையும் அங்கேதான்.

ஒருநாள் தாய் ஊரிலிருந்து ஆள் வருகிறது. "போன வருஷம் உங்களுக்காகவும் சேர்த்துத்தான் ஆற்றங்கரையைப் பலப்படுத்தினோம், கடனாகிவிட்டது. இனி உங்கள் வரியையும் எங்கள் கூட்டத்திலேயே தீர்மானிப்போம். இப்போதைக்குத் தலைக்கட்டுக்குப் பத்து ரூபாய்." பத்து ரூபாய் யாருக்கும் பெரிய பணம் இல்லை. ஆனாலும் அக்கரைக்காரர்கள் கேட்பார்கள்: "எங்களிடம் கேட்டிருந்தால் நாங்களே கூட்டம் போட்டுப் பிரித்துத் தந்திருப்போமே. எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத கூட்டத்தில் எங்களுக்கு எப்படி வரி போடலாம்? இன்றைக்குப் பத்து, நாளைக்கு ஆயிரம் என்றால் தடுக்க எங்களுக்கு என்ன வழி?"

அடுத்த வருடம் இன்னொரு செய்தி: "அந்த வரிப் பணத்திலிருந்து உங்கள் பூசாரிக்கும் காவல்காரருக்கும் இனி நாங்களே சம்பளம் தருகிறோம்." கேட்க நல்ல விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் காவல்காரர் இனி யார் சொல் கேட்பார்?

அமெரிக்காவில் 1763-க்கும் 1776-க்கும் இடையில் நடந்ததன் எலும்புக்கூடு இதுதான்.

கடன் எங்கிருந்து வந்தது?

1756 முதல் 1763 வரை பிரிட்டனும் பிரான்சும் உலகம் முழுக்க மோதிக்கொண்டன. ஏழாண்டுப் போர் என்பார்கள். வந்தவாசியில் 1760-இல் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முறியடித்தது இதே போரில்தான். வட அமெரிக்காவில் இந்த மோதல் 1754-லேயே தொடங்கிவிட்டது. முடிவில் கனடா பிரிட்டன் கைக்கு வந்தது. கூடவே கடனும் வந்தது. போருக்கு முன் இருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்காகி, 13 கோடி பவுண்டை ஒட்டி நின்றது அரசின் கடன். வட்டி கட்டவே வருமானத்தில் பெரும்பகுதி போயிற்று.

புதிய எல்லைகளைக் காக்க அமெரிக்காவில் சுமார் 10,000 சிப்பாய்களை நிறுத்த லண்டன் முடிவு செய்தது. அந்தச் செலவில் ஒரு பங்கையாவது காலனிகள் ஏற்கட்டும் என்று நினைத்தது. இதில் அநியாயம் எதுவும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அன்றைய லண்டனில் நாம் இருந்திருந்தால் நாமும் அதையே சொல்லியிருப்போம்.

ஆனால் அக்கரையில் வேறு மாதிரி தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்கள் தொலைந்துவிட்டார்கள், இனி எதற்கு இத்தனை சிப்பாய்? போதாக்குறைக்கு 1763 அக்டோபரில் ராஜா ஒரு பிரகடனம் வெளியிட்டார். அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது. பூர்வகுடிகளோடு ஓயாமல் சண்டை போட்டுச் செலவழிக்க லண்டன் தயாராக இல்லை. அந்த நிலத்துக்குத்தானே போரிட்டோம் என்று குடியேறிகள் முணுமுணுத்தார்கள். மேற்கே நிலம் வாங்கி லாபம் பார்க்கக் காத்திருந்த பெரிய மனிதர்களும் முணுமுணுத்தார்கள். வாஷிங்டனும் அவர்களில் ஒருவர்.

முத்திரை வரி: முதல் வெடிப்பு

1764-இல் சர்க்கரைப்பாகுக்கான சுங்க வரியை காலன் ஒன்றுக்கு 6 பென்ஸிலிருந்து 3 பென்ஸாகக் குறைத்தார்கள். குறைத்ததற்கே எதிர்ப்பு வந்தது. காரணம் எளிது. பழைய வரியை யாரும் ஒழுங்காகக் கட்டியதில்லை, புதியதைக் கறாராக வசூலிக்க ஏற்பாடு நடந்தது. கடத்தல் வழக்குகள் ஜூரி, அதாவது தீர்ப்பு சொல்ல ஊர்மக்களிலிருந்து எடுக்கும் குழு, இல்லாத நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றும் ஆனது.

அடுத்து 1765-இல் முத்திரைச் சட்டம். பத்திரம், உரிமம், செய்தித்தாள், ஏன் சீட்டுக்கட்டு வரை, எல்லாமே முத்திரையிட்ட தாளில் இருக்க வேண்டும், முத்திரைக்குக் காசு. நம் ஊரில் சொத்துப் பதிவுக்கு முத்திரைத்தாள் வாங்குகிறோமே, அதே வகை. பிரிட்டனில் இது 1694 முதலே நடைமுறையில் இருந்தது. ஆனால் அமெரிக்கக் குடியேறிகள் மேல் லண்டன் நேரடியாகப் போட்ட முதல் உள்நாட்டு வரி இது. அதுவரை வந்தவை துறைமுகத்தில் வாங்கும் சுங்கம் மட்டுமே.

இந்த வரி யாரைக் குத்தியது என்று பாருங்கள். வக்கீல், பத்திரிகைக்காரர், வியாபாரி, மதுக்கடைக்காரர். ஊரிலேயே அதிகம் பேசுகிற, எழுதுகிற கூட்டம். அரசியல் சாமர்த்தியம் துளியும் இல்லாத தேர்வு. பாஸ்டனில் முத்திரை ஏஜென்ட்டாகப் பெயர் அடிபட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை ஆகஸ்ட் 14 அன்று மரத்தில் தொங்கவிட்டார்கள். சில நாளில் துணை கவர்னர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டையே சூறையாடினார்கள். காலனிக்குக் காலனி முத்திரை ஏஜென்ட்கள் ராஜினாமா செய்தார்கள். அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடிக் கண்டித்தார்கள். பிரிட்டிஷ் சரக்கை வாங்க மாட்டோம் என்று வணிகர்கள் முடிவெடுக்க, லண்டன் வியாபாரிகளே சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லி நாடாளுமன்றத்தை நெருக்கினார்கள். 1766 மார்ச்சில் சட்டம் ரத்தானது.

அதே கையோடு நாடாளுமன்றம் இன்னொரு சட்டமும் போட்டது: எந்த விஷயமானாலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற எங்களுக்கு முழு அதிகாரம் உண்டு. பாஸ்டனில் பட்டாசு வெடித்துக் கொண்டாடியவர்கள் இந்த இரண்டாவது தாளைக் கவனிக்கவில்லை, கவனித்தவர்களும் சும்மா ஒரு வீறாப்பு என்று விட்டுவிட்டார்கள்.

இதுவரை: போர்க்கடன் அடைக்க லண்டன் வரி போட்டது. தொகை சிறியது. ஆனால் யார் போடுவது என்பதில் நூறாண்டு வழக்கம் உடைந்தது. வரி போனது, வரி போடும் உரிமை தனக்கு உண்டு என்ற பேச்சு போகவில்லை.

எம்.பி. சீட் கேட்டார்களா?

"பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை" என்ற கோஷத்தைக் கேட்டதும், லண்டன் நாடாளுமன்றத்தில் சில இடங்கள் கொடுத்திருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1765-இல் நியூயார்க்கில் கூடியவர்களே தெளிவாக எழுதிவிட்டார்கள்: எங்கள் சூழ்நிலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நாங்கள் பிரதிநிதித்துவம் பெறுவது சாத்தியமே இல்லை. கப்பலில் போக வாரக்கணக்கில் ஆகும் தூரம். நாலு எம்.பி. போய் உட்கார்ந்தாலும் அங்கே பெரும்பான்மை முன்னால் எடுபடாது, அப்புறம் "நீங்களும் ஒப்புக்கொண்ட வரிதானே" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அவர்கள் வாதம்: எங்கள் சட்டசபைதான் எங்கள் நாடாளுமன்றம். ராஜா எல்லாருக்கும் பொது. வரி மட்டும் எங்கள் சபை வழியாகத்தான் வர வேண்டும்.

லண்டனிடமும் பதில் இருந்தது. மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற வளர்ந்த ஊர்களுக்கே அன்று தனி எம்.பி. கிடையாது. அவர்கள் வரி கட்டவில்லையா? ஒவ்வோர் எம்.பி.யும் தன் தொகுதிக்கு மட்டுமின்றி முழுப் பேரரசுக்கும் பிரதிநிதி என்றார்கள். வாக்களிக்காதவருக்கும் சேர்த்தே நாடாளுமன்றம் பேசுகிறது என்ற இந்தக் கருத்தை மறைமுகப் பிரதிநிதித்துவம் என்பார்கள். அமெரிக்காவில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். மான்செஸ்டருக்குக் கூடுதல் வரி போட்டால் அது பக்கத்து ஊர்க்காரரையும் பாதிக்கும், போட்ட எம்.பி.யும் கட்டியாக வேண்டும். அமெரிக்கருக்குப் போடும் வரியோ அந்த எம்.பி.யின் சொந்தச் சுமையைக் குறைக்கும். தன் பையிலிருந்து போகாத பணத்தை யாரும் தாராளமாக வசூலிப்பார்கள். இந்த இடத்தில் குடியேறிகளின் தர்க்கம் பலமானது.

இதற்கடியில் ஓடிய பிரச்சினைக்குப் பெயர் இறையாண்மை. ஒரு நாட்டில் கடைசி வார்த்தை யாருடையது என்பதே இறையாண்மை. கடைசி வார்த்தை ஒன்றுதான் இருக்க முடியும், அது நாடாளுமன்றத்துடையது என்றது லண்டன். உள்ளூர் விஷயத்துக்கு ஒன்று, பேரரசு விஷயத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாமே என்றார்கள் குடியேறிகள். மத்திய அரசு, மாநில அரசு என்று அதிகாரப் பட்டியல் பிரித்து வாழும் நமக்கு இது சாதாரண யோசனை. அன்றைக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது.

சம்பளம் யார் கையில்?

பாடப்புத்தகங்கள் தாவிச் செல்லும் பகுதி இது. என் பார்வையில் இதுவே மையம்.

1767-இல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, ஈயம், பெயிண்ட், காகிதம், தேயிலை ஆகியவற்றுக்கு இறக்குமதி வரி போட்டார். உள்நாட்டு வரி கூடாது என்றுதானே கூச்சலிட்டீர்கள், இது துறைமுக வரி என்று சாமர்த்தியம். ஆனால் வசூலாகும் பணம் எதற்கு என்பதில்தான் விஷயம் இருந்தது. காலனிகளின் கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் கொடுக்க அதைப் பயன்படுத்தலாம் என்றது சட்டம்.

அதுவரை சட்டசபைகளின் கையிலிருந்த ஒரே உண்மையான கடிவாளம் சம்பளம். கவர்னர் ஒத்துவரவில்லையென்றால் அவர் சம்பளத்தை இழுத்தடிப்பார்கள். அவரும் இறங்கி வருவார். அந்தக் கடிவாளம் அறுந்தால் சட்டசபை வெறும் பேச்சு மடம். நம் அக்கரைக் காவல்காரர் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா, அதேதான்.

மறுபடியும் பிரிட்டிஷ் சரக்குப் புறக்கணிப்பு தொடங்கியது. 1768-இல் பாஸ்டனில் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள். 1770 மார்ச் 5 அன்று, கூட்டம் பனிக்கட்டியும் கல்லும் வீச, சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். வழக்கில் அந்தச் சிப்பாய்களுக்காக வாதாடியவர் ஜான் அடம்ஸ். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரானாரே, அவரேதான். பெரும்பாலானவர்கள் விடுதலை ஆனார்கள். அதே ஆண்டு டவுன்ஷெண்ட் வரிகளை லண்டன் திரும்பப் பெற்றது, ஒன்றைத் தவிர. தேயிலைக்கு ராத்தலுக்கு (அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு) 3 பென்ஸ் மட்டும் நீடித்தது. உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று காட்டுவதற்காகவே அதை விட்டுவைத்தார்கள்.

மேலே கொஞ்ச காலம் அமைதி. ஆனால் 1772-இல், பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் காலனியின் கவர்னருக்கும் உயர் நீதிபதிகளுக்கும் இனி ராஜாவே சம்பளம் தருவார் என்று செய்தி வந்தது. அந்த நவம்பரில் பாஸ்டன்காரர்கள் ஒரு தகவல் தொடர்புக் குழு அமைத்து, ஊர் ஊராகக் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். பிற காலனிகளும் அதே மாதிரி குழு அமைத்தன. கலகத்தின் நரம்பு மண்டலம் இப்படித்தான் உருவானது. தேயிலைக் கப்பல் வருவதற்கு ஓராண்டு முன்பே, நீதிபதியின் சம்பளத்தை வைத்து. ராஜாவின் சம்பளத்தை ஏற்பேன் என்று நின்ற தலைமை நீதிபதி பீட்டர் ஆலிவர்மேல் 1774-இல் சட்டசபை குற்றச்சாட்டுத் தீர்மானமே கொண்டுவந்தது. அவர் தலைமையில் உட்கார ஜூரிகள் மறுத்தார்கள்.

தேயிலையும் ஹைதர் அலியும்

இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்று வந்து சேர்கிறது. 1769-இல் ஹைதர் அலி மெட்ராஸ் வாசல் வரை வந்து நின்று கிழக்கிந்தியக் கம்பெனியைப் பணிய வைத்தார். அந்தச் செய்தி லண்டன் போனதும் கம்பெனிப் பங்குகள் சரிந்தன. அடுத்து வங்காளத்தில் கொடும் பஞ்சம். 1772-இல் ஐரோப்பாவில் வங்கி நெருக்கடி. திவாலாகும் நிலையில் கம்பெனி அரசிடம் கடன் கேட்டு நின்றது. அதன் லண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை ஒரு கோடியே எழுபது லட்சம் ராத்தல் அளவுக்குக் குவிந்து கிடந்தது. எல்லாம் சீனத் தேயிலை. அசாம், நீலகிரி, இலங்கைத் தோட்டங்கள் எல்லாம் அடுத்த நூற்றாண்டுச் சமாச்சாரம்.

1773 தேயிலைச் சட்டம் இந்தக் கம்பெனியைக் காப்பாற்றும் ஏற்பாடு. லண்டனில் கட்டும் வரியைக் கம்பெனிக்குத் திருப்பித் தந்து, இடைத்தரகர் இல்லாமல் அமெரிக்காவில் நேரடியாக விற்க அனுமதித்தது. விலை இறங்கும், கடத்தல்காரர் கொண்டுவரும் டச்சுத் தேயிலையோடு போட்டி போடலாம். அமெரிக்காவில் கட்டும் 3 பென்ஸ் மட்டும் அப்படியே இருக்கும்.

ஒருவர் மலிவு விலைத் தேயிலையை வாங்கினால், 3 பென்ஸ் வரியைக் கட்டியவர் ஆகிறார். வரியைக் கட்டினால் நாடாளுமன்றத்தின் உரிமையை ஒப்புக்கொண்டவர் ஆகிறார். அந்தப் பணம் கவர்னரின் சம்பளத்துக்குப் போகிறது. மலிவு விலையே தூண்டில் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னது இதனால்தான். கடத்தலில் கொழுத்த வணிகர்களுக்கும், விற்பனை உரிமை கிடைக்காத வியாபாரிகளுக்கும் சொந்த எரிச்சல் இருந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். விற்பனை உரிமை பெற்றவர்களில் ஹட்சின்சனின் மகன்களும் உண்டு. அந்த ஹட்சின்சன்தான் இப்போது கவர்னர். எரிகிற நெருப்பில் எண்ணெய்.

நியூயார்க், பிலடெல்பியா போன கப்பல்கள் சரக்கை இறக்காமலே திரும்பின. பாஸ்டனில் ஹட்சின்சன் கப்பலைத் திருப்பி அனுப்ப மறுத்தார். 1773 டிசம்பர் 16 இரவு மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகள், நாற்பது டன்னுக்கு மேல், துறைமுகத் தண்ணீரில் கொட்டப்பட்டன.

சுருக்கமாக: தேயிலை விலை குறைந்தது, ஆனால் அதோடு ஓர் அதிகாரமும் ஒட்டிக்கொண்டு வந்தது. குடியேறிகள் மறுத்தது அந்த இரண்டாவதை.

தண்டனை எல்லாரையும் ஒன்றாக்கியது

கொட்டியதைப் பல அமெரிக்கர்களே தப்பு என்றார்கள், பெஞ்சமின் பிராங்க்ளின் உள்பட. நஷ்ட ஈடு கொடுத்துவிடலாம் என்பது அவர் கருத்து. லண்டன் அந்த மனநிலையைப் பயன்படுத்தியிருக்கலாம். அதற்குப் பதில் 1774-இல் பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது. மாசசூசெட்ஸின் ஆட்சி சாசனத்தை மாற்றி, மேலவையை இனி ராஜா நியமிப்பார், ஊர்க்கூட்டங்கள் கவர்னர் அனுமதியோடுதான் நடக்க வேண்டும் என்றது.

தூரத்து வர்ஜீனியா விவசாயிக்கு பாஸ்டன் தேயிலைமேல் அக்கறை இல்லை. ஆனால் ஒரு காலனியின் சட்டசபையை லண்டன் ஒரு சட்டத்தால் மாற்றி எழுத முடியும் என்றால், நாளை நம் சபைக்கும் அதே கதிதான் என்பது அவருக்கும் புரிந்தது. 1766-இல் யாரும் கவனிக்காமல் விட்ட அந்த "எந்த விஷயமானாலும்" இப்போது பல்லைக் காட்டியது. செப்டம்பரில் 12 காலனிகள் பிலடெல்பியாவில் கூடின. 1775 ஏப்ரல் 19 அன்று, பாஸ்டனுக்குப் பக்கத்து லெக்சிங்டனில் போரின் முதல் துப்பாக்கி வெடித்தது.

ஆனாலும் பிரிய மனம் வரவில்லை

சண்டை தொடங்கிய பிறகும் ஓராண்டுக்கு மேல் அவர்கள் விடுதலை கேட்கவில்லை. நாடாளுமன்றம் கெட்டது, ராஜா நல்லவர், மந்திரிகள்தான் அவரைக் கெடுக்கிறார்கள் என்ற நம்பிக்கை. 1775 ஜூலையில் சமாதான மனு ஒன்றை மூன்றாம் ஜார்ஜுக்கு அனுப்பினார்கள். அவர் அதை வாங்கவே மறுத்து, ஆகஸ்ட்டில் அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். ஆண்டு முடிவில் நாடாளுமன்றம் காலனிகளின் வணிகம் முழுவதையும் தடை செய்து, அவர்களின் கப்பல்களைப் பிடிக்கலாம் என்றது. ஜெர்மன் சிற்றரசுகளிலிருந்து கூலிப்படை வருகிறது என்ற செய்தியும் வந்தது. சொந்தப் பிள்ளைகளை அடக்க அடுத்தவன் சிப்பாயா என்று கொதித்தார்கள்.

1776 ஜனவரியில் தாமஸ் பெய்ன் என்பவரின் துண்டுப் பிரசுரம் வெளியானது. பிரிட்டனில் தொழில் நொடித்து, அமெரிக்கா வந்து ஓராண்டு சொச்சமே ஆனவர். மந்திரிகளை விடுங்கள், பரம்பரை ராஜா என்ற ஏற்பாடே மடத்தனம் என்று சாதாரண மக்கள் மொழியில் எழுதினார். அதுவரை உரக்கச் சொல்ல யாரும் துணியாதது. அது காட்டுத்தீயாகப் பரவியது.

நடைமுறைக் காரணம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. வெடிமருந்துக்கும் பணத்துக்கும் பிரான்ஸின் உதவி தேவை. பிரிட்டனோடு நாளை சமாதானம் ஆகிவிடக்கூடிய ஒரு குடும்பச் சண்டையில் பிரான்ஸ் ஏன் தலையிடும்? தனி நாடு என்று அறிவித்தால்தான் உடன்படிக்கை பேச முடியும். 1776 ஜூலை 2 அன்று பிரிவுத் தீர்மானம் நிறைவேறியது, 4-ஆம் தேதி பிரகடனம் ஏற்கப்பட்டது. அதில் நாடாளுமன்றம் என்ற சொல்கூட வராது. குற்றப்பட்டியல் முழுக்க ராஜாவின் தலையில்தான். ஏனென்றால் அறுக்க மிச்சமிருந்த கயிறு அவர் ஒருவர்தான்.

எல்லாருடைய விடுதலையா?

இல்லை. பிரகடனத்தின் வரைவை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தவர். "எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்" என்று எழுதிய அதே வரைவில் அடிமை வணிகத்தைச் சாடும் ஒரு பத்தி இருந்தது, தெற்குக் காலனிகளின் எதிர்ப்பால் அதை எடுத்துவிட்டார்கள். சுதந்திரம் வேண்டும் என்று அதிகம் ஊளையிடுவது அடிமைகளை விரட்டி வேலை வாங்குபவர்கள்தானே என்று லண்டனில் எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் குத்திக் காட்டினார். 1775 நவம்பரில் வர்ஜீனியா கவர்னர் டன்மோர், கலகக்காரர்களின் அடிமைகள் ராஜாவின் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடிச் சேர்ந்தார்கள். அதுவரை தயங்கிய தோட்ட முதலாளிகள் பலரைப் பிரிவினைப் பக்கம் தள்ளியது இந்த அறிவிப்புதான். பூர்வகுடிகளில் பெரும்பாலோர் பிரிட்டன் பக்கம் நின்றதும் இயல்பே. மேற்கே வராதே என்று கோடு கிழித்தது லண்டன்தானே.

வெள்ளையர்களிலும் ஐந்தில் ஒருவர் ராஜாவுக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்று கணிக்கிறார்கள். ஜமைக்கா போன்ற கரீபியத் தீவுகளும் பிரிட்டிஷ் காலனிகளே. ஜமைக்காவின் சட்டசபை 1774-இல் அமெரிக்கர்களின் வாதத்தை ஆதரித்து ராஜாவுக்கு மனுகூட எழுதியது. ஆனால் பிரியவில்லை. அங்கே ஒரு வெள்ளையருக்குப் பல அடிமைகள் என்ற கணக்கு. அடிமைகள் எழுந்தால் காப்பாற்ற பிரிட்டிஷ் படை வேண்டும், சர்க்கரை விற்க பிரிட்டிஷ் சந்தை வேண்டும். மனக்குறை மட்டும் இருந்தால் போதாது, தனியாக நிற்கவும் முடிய வேண்டும்.

காலம் கடந்த சலுகை

1777-இல் சரடோகாவில் ஒரு முழு பிரிட்டிஷ் படை சரணடைந்தது. 1778-இல் பிரான்ஸ் போரில் இறங்கியது. பதறிப்போன லண்டன், வருவாய்க்காக இனி காலனிகளுக்கு வரி போட மாட்டோம் என்று சட்டமே இயற்றி, தூதுக்குழுவை அனுப்பியது. 1765-இல் கேட்டதெல்லாம் கிடைத்தது, அதற்கு மேலும் கிடைத்தது. விடுதலை ஒன்றுதான் பாக்கி. அமெரிக்கர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிரான்ஸ் வந்ததால் போர் நம் கடற்கரை வரை நீண்டது. 1778-இல் பாண்டிச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தார்கள், 1783 ஜூனில் கடலூரில் இரு தரப்பும் மோதிக்கொண்டிருந்தபோது ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்ட செய்தி வந்து சண்டை நின்றது. யார்க்டவுனில் 1781-இல் வாஷிங்டனிடம் சரணடைந்த படையின் தளபதி காரன்வாலிஸ், 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். 1792-இல் திப்புவைத் தோற்கடித்துத் திண்டுக்கல்லையும் சேலம், தர்மபுரிப் பக்கத்து பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவர் அவரே.

விடுதலைக்குப் பிறகு அமெரிக்கர்களின் வரி குறைந்ததா? கூடியது. போர்க்கடன் இப்போது அவர்களுடையது. மாசசூசெட்ஸில் 1786-இல் வரியும் கடனும் தாங்காமல் விவசாயிகள் ஆயுதம் எடுத்தார்கள். 1791-இல் புதிய மத்திய அரசு விஸ்கிக்கு வரி போட, பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில் வரி வசூலிப்பவர்கள் தாக்கப்பட்டார்கள், பழைய பாஸ்டன் பாணியிலேயே. 1794-இல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் சுமார் 13,000 பேர் கொண்ட படையோடு தானே குதிரையேறிக் கிளம்பினார். நீ யார் எனக்கு வரி போட என்று அந்த விவசாயிகள் கேட்டபோது அரசிடம் ஒரு பதில் இருந்தது: போட்டது நீங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த தேர்தலில் மாற்றுங்கள். 1800-இல் மாற்றினார்கள். ஜெஃபர்சன் ஆட்சிக்கு வந்தார், 1802-இல் விஸ்கி வரி ரத்தானது.